நன்றாகப் படிப்பவர்களை ஒரே குழுவில் போடலாமா?

கேள்வி: நான் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. புத்தாக்கப் போட்டிக்காக ஒன்பதாம் வகுப்பில் முதல் ஐந்து ரேங்க் மாணவர்களை ஒரு குழுவாகப் போட்டேன். ஒருவனே பேசுகிறான், மற்றவர்கள் தலையாட்டுகிறார்கள். கடைசியில் யூடியூபில் பார்த்த எரிமலை மாதிரியைச் செய்து வைத்தார்கள். குழுவை எப்படித்தான் அமைப்பது?
– ஓர் ஆசிரியை, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: டீச்சர், ரேங்க் பட்டியலை முதலில் எடுத்து வையுங்கள். 2010இல் அனிதா வூல்லியும் அவருடைய சக ஆய்வாளர்களும் 699 பெரியவர்களைச் சிறு குழுக்களாகப் பிரித்துப் பலவிதமான வேலைகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். குழுவில் இருக்கும் கெட்டிக்காரர் எவ்வளவு கெட்டிக்காரர் என்பது பெரிதாக உதவவில்லை. அடுத்தவர் மனநிலையை முகத்தைப் பார்த்தே புரிந்துகொள்கிறவர்கள் இருந்த குழுக்களும், எல்லோரும் மாறி மாறிப் பேசிய குழுக்களும்தான் நன்றாகச் செய்தன.

உங்கள் வகுப்பிலேயே தேடுங்கள். அப்பாவோடு தோட்டத்து மோட்டாரைப் பிரித்துப் பார்த்த பையன் இருப்பான். தினமும் குடிதண்ணீருக்கு வரிசையில் நிற்கும் பெண் இருப்பாள். தீர்க்க வேண்டிய பிரச்சினை அவர்களுக்குத்தான் தெரியும். பிரச்சினை தெரியாத குழு யூடியூபில்தான் தேடும், வேறென்ன செய்யும்? ஆனால் நான்கு பையன்களோடு ஒரே ஒரு பெண்ணைப் போட்டுவிடாதீர்கள். சார்ட்டுக்கு வண்ணம் அடிக்கும் வேலைதான் அவளுக்குக் கிடைக்கும். இரண்டு பேராவது இருக்கட்டும்.

அப்புறம், உட்கார்ந்ததும் பேச விடாதீர்கள். ஒருவர் பேசும்போது மற்றவர்கள் காத்திருக்க வேண்டியிருப்பதால் யோசனைகள் நழுவிப்போகின்றன என்று டீல், ஸ்ட்ரோபே என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1987இலேயே சோதித்துக் காட்டினார்கள். முதல் பத்து நிமிடம் ஆளுக்கொரு தாளில் தனியாக எழுதட்டும். பிறகு ஒவ்வொருவராக வாசிக்கட்டும்.

தலையாட்டும் பிள்ளைகளுக்கு ஒரு வழி இருக்கிறது. 1971இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் வெள்ளை, கறுப்பு, மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகள் புதிதாக ஒரே வகுப்பில் உட்கார்ந்தபோது பெரிய உரசல் வந்தது. உளவியலாளர் எலியட் ஆரன்சன் பாடத்தைத் துண்டுகளாக்கி, ஆளுக்கொரு துண்டைப் படித்துவந்து குழுவுக்குச் சொல்லித்தர வைத்தார். யாருடைய துண்டு இல்லாவிட்டாலும் பாடம் முழுமையாகாது. அதனால் எல்லோரையும் எல்லோரும் கேட்டே ஆக வேண்டும். நீங்களும் அப்படியே செய்யலாம். ஒருவர் தெருவில் விசாரித்து வரட்டும், ஒருவர் அளந்து வரட்டும், ஒருவர் பொருள் விலை கேட்டு வரட்டும். வாரம் ஒருமுறை வேலையை மாற்றிக் கொடுங்கள்.

அந்தப் பேச்சுக்காரப் பையனைத் தயவுசெய்து திட்டாதீர்கள், அவனுடைய ஆர்வம் குழுவுக்கு வேண்டும். மற்ற நால்வரும் சொன்னதைத் தொகுத்துச் சொல்லும் பொறுப்பை இந்த வாரம் அவனுக்கே கொடுங்கள்.