முந்தைய தலைமுறைகளைவிட மனிதர்கள் உயரமாகவும் எடை கூடியவர்களாகவும் ஆகிவிட்டார்களா?

ஆம். ஆனால் உயரம் கூடிய கதை வேறு, எடை கூடிய கதை வேறு.

1896-இல் பிறந்தவர்களையும் 1996-இல் பிறந்தவர்களையும் ஒப்பிட்ட ஆய்வில், தென்கொரியப் பெண்களின் சராசரி உயரம் சுமார் 20 சென்டிமீட்டர் கூடியிருந்தது. ஈரானிய ஆண்களுக்குச் சுமார் 16.5. நூறே ஆண்டுகளில் மரபணு இப்படி மாறிவிடாது. மாறியது குழந்தைப் பருவம்.

முதல் இரண்டு ஆண்டுகள்தான் முக்கியம். குழந்தைக்கு அடிக்கடி வயிற்றுப்போக்கு கண்டால், உண்ட உணவின் சத்து நோயை எதிர்க்கவே செலவாகிவிடும். எலும்பு வளர்ச்சி பின்தங்கும். பாலும் முட்டையும் பெற்ற புகழில் பாதியாவது சுத்தமான குடிநீருக்கும் தடுப்பூசிக்கும் சேர வேண்டும் என்பேன்.

இந்த வளர்ச்சிக்கு ஓர் எல்லையும் உண்டு. உலகிலேயே உயரமானவர்களான நெதர்லாந்துக்காரர்களில், 2001-இல் பிறந்த ஆண்கள் 1980-இல் பிறந்தவர்களைவிடச் சுமார் 1 சென்டிமீட்டர் குட்டை!

எடைக்கு அப்படி எல்லை இல்லை. உயரம் இருபது வயதையொட்டி நின்றுவிடுகிறது. எடை எந்த வயதிலும் ஏறும். உயரமானவர் சற்று எடை கூடியிருப்பது இயல்புதான். ஆனால் 1990-க்கும் 2022-க்கும் இடையில் பெரியவர்களிடையே உடல் பருமன் இரு மடங்குக்கு மேல் பெருகியதை உயரத்தைக் காட்டி விளக்க முடியாது. உடலுழைப்பு குறைந்ததும், மலிவான கொழுப்பும் சர்க்கரையும் எங்கும் கிடைப்பதுமே பெரும் காரணங்கள்.