கோல்ஸ்டன் சிலையும் மதுராந்தகத்து ஏரியும்

அன்புள்ள ஐயா,

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் 2020-ல் எட்வர்ட் கோல்ஸ்டனின் சிலையைக் கூட்டம் சாய்த்து, உருட்டிப்போய்த் துறைமுகத்தில் தள்ளியதைக் குறை சொல்லியிருந்தீர்கள். அடிமை வியாபாரியிடம் என்ன கரிசனம்? பழமைவாதம் என்பது பழைய பணக்காரர்களுக்குக் காவல் நிற்பதுதானே? இன்று டிரம்ப் செய்வதும் அதைத்தானே?

ஆர்., மதுராந்தகம்

அன்புள்ள ஆர்.,

கோல்ஸ்டனிடம் எனக்கு ஒரு கரிசனமும் இல்லை. மனிதர்களைக் கப்பலில் அடைத்து விற்ற கம்பெனியின் நிர்வாகத்தில் இருந்தவர் அவர். சிலை போனதில் வருத்தமில்லை. நகரசபை கூடித் தீர்மானம் போட்டு, கிரேன் வைத்து இறக்கியிருக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி.

'கன்சர்வேட்டிவ்' என்பதற்குப் 'பழமைவாதி' என்று எழுதப் பழகியதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. பழசெல்லாம் நல்லது என்பவர் என்று அர்த்தம் ஏறிவிட்டது. கோல்ஸ்டன் நின்ற இடத்துக்குப் பக்கத்திலேயே எட்மண்ட் பர்க்குக்கும் சிலை உண்டு. இந்தச் சிந்தனைக்கு மூலவர் என்று எல்லோரும் கைகாட்டும் ஆள். 1774 முதல் 1780 வரை பிரிஸ்டலின் எம்.பி. அவர் பழைய பணக்காரர்களுக்குக் காவல் நின்றாரா?

உங்கள் ஊர்க்கதையையே சொல்கிறேன். ஆற்காடு நவாபுக்கு வட்டிக்குக் கடன் கொடுத்த வெள்ளைக்காரர்களின் கணக்கை, விசாரணையே இல்லாமல், அவர் ஆண்ட கர்நாடகச் சீமையின் (இன்றைய கர்நாடக மாநிலம் அல்ல) வருமானத்திலிருந்து தீர்க்க லண்டன் அரசு ஒப்புக்கொண்டது. 1785 பிப்ரவரியில் பர்க் நாடாளுமன்றத்தில் எழுந்து கிழித்தெடுத்தார். அந்தப் பேச்சில் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு நவாப் விட்டுக்கொடுத்த ஜாகீரின், அதாவது உங்கள் செங்கல்பட்டுப் பக்கத்தின், மேப்பை வைத்துக்கொண்டு ஏரிகளை எண்ணினார். 1,100-க்கு மேல்! கரையைச் செப்பனிட்டு வாய்க்காலைத் தூர்வாரிக்கொண்டே இருந்தால்தான் அவை நிற்கும். அந்தப் பணம் கடன்காரன் பைக்குப் போனால் ஊர் என்னாகும் என்று கேட்டார். ஏரி வெட்டிய ராஜாக்கள் பிறக்காத பிள்ளைகளையும் தம் பிள்ளைகளாக எண்ணியவர்கள் என்றார். இந்தியாவுக்கே வராதவர். அவர் ஆதரித்துப் பேசிய தீர்மானம் தோற்றது, அது வேறு விஷயம்.

ஏரிக்கரைக்காரரான உங்களுக்கு, ஊரே கூடி ஏரியைச் செப்பனிடும் குடிமராமத்து என்றால் விளக்க வேண்டியதில்லை. நான் சொல்லும் பழமைவாதம் கிட்டத்தட்ட அதுதான். மதகு பழுதானால் பழுது பார்ப்பது. கோபத்தில் கரையை வெட்டிவிடாமல் இருப்பது.

இந்தக் கணக்கில் டிரம்ப் எங்கே வருகிறார்? தேர்தலில் தோற்றதை ஒப்புக்கொள்ளவில்லை. 2021 ஜனவரி 6 அன்று அவருடைய ஆட்கள் ஜன்னலை உடைத்து நாடாளுமன்றத்துக்குள் புகுந்தார்கள். திரும்ப வந்த முதல் நாளிலேயே அந்த வழக்குகளில் சிக்கிய சுமார் 1,500 பேருக்கு மன்னிப்பு வழங்கினார். கரையை வெட்டியவர்களுக்கு மாலை மரியாதை. இதில் பேணியது எதை? பிரிஸ்டலுக்கு ஒரு நியாயம், வாஷிங்டனுக்கு ஒரு நியாயம் என்று என்னால் எழுத முடியாது.

ஆனால் உங்கள் கோபத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. கோல்ஸ்டனின் அடிமை வியாபாரத்தைச் சொல்லும் பலகை ஒன்றைச் சிலையில் பதிக்க, அது சாய்க்கப்படுவதற்கு முன்பே ஏற்பாடு நடந்தது. வாசகத்தில் எந்தச் சொல் இருக்கலாம், எது கூடாது என்று இழுபறி. கடைசிவரை பலகை வரவே இல்லை. அந்த இழுபறியில் வார்த்தையை மென்மையாக்கப் பாடுபட்டவர்கள் எங்கள் பழமைவாத ஆட்கள்தான்.