லைட் டூட்டி சீட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

கேள்வி: சிங்கப்பூரில் கம்பி கட்டும் வேலை பார்க்கிறேன். சைட்டில் இடது கை விரல்கள் நசுங்கி ஆபரேஷன் ஆனது. டாக்டர் இரண்டு நாள் எம்.சி. (மருத்துவ விடுப்பு), பிறகு மூன்று வாரம் லைட் டூட்டி (இலகுவான வேலை மட்டும்) கொடுத்தார். "இங்கே லைட் வேலை கிடையாது, ரூமில் இரு, சம்பளமும் கிடையாது" என்கிறது கம்பெனி. என்ன செய்ய?

பதில்: சம்பளம் உண்டு. வேலையில் அடிபட்டதற்காக டாக்டர் லைட் டூட்டி எழுதினால் அந்த நாட்களுக்கும் கம்பெனி பணம் தர வேண்டும். அதுவும் வெறும் பேசிக் இல்லை. விபத்துக்கு முன் நீங்கள் வாங்கிய ஓவர்டைமையும் சேர்த்த மாதச் சராசரி. லைட் வேலை இல்லை என்பது அவர்கள் கஷ்டம், உங்களுடையது அல்ல.

ஆனால் சிக்கலின் வேர் அந்தச் சீட்டில் இருக்கிறது. 'லைட் டூட்டி' என்று மட்டும் இருந்தால் அதற்குச் சூப்பர்வைசர் சொல்வதுதான் அர்த்தம். ஒற்றைக் கையால் சிமென்ட் மூட்டை இழுப்பதும் அவருக்கு லைட்தான். இடது கையால் எதையும் தூக்கக் கூடாது, சாரத்தில் ஏறக் கூடாது, கட்டு நனையக் கூடாது, இது எந்தத் தேதி வரை, மறுபடி எப்போது வர வேண்டும் என்று டாக்டர் எழுத வேண்டும். இரண்டு நிமிட வேலை. அந்த இரண்டு நிமிடம்தான் பல கிளினிக்குகளில் கிடைப்பதில்லை.

கை எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆன ஒரு கட்டுமானத் தொழிலாளிக்கு இதே மாதிரி இரண்டு நாள் ஓய்வும் பிறகு லைட் டூட்டியும் எழுதிய மருத்துவரை, 2016-ல் சிங்கப்பூர் உயர் நீதிமன்றம் ஆறு மாதம் தொழில் செய்ய விடாமல் நிறுத்தி வைத்தது. அப்படி ஒரு வேலை அங்கே இருக்கிறதா என்று விசாரிக்காமல் எழுதக் கூடாது என்பது தீர்ப்பின் சாரம். இன்னமும் விசாரிக்காமல் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஆகவே மறுபடி டாக்டரிடம் போங்கள். என்ன வேலை செய்கிறீர்கள், டார்மில் (தொழிலாளர் விடுதியில்) மேல் கட்டிலா கீழ்க் கட்டிலா, கம்பெனி என்ன சொன்னது எல்லாவற்றையும் சொல்லி, லைட் வேலை இல்லாததால் எம்.சி.யாக மாற்றித் தரக் கேளுங்கள். சூப்பர்வைசரை உள்ளே விடாதீர்கள். "வலி இருக்கிறது" என்று நீங்கள் சொன்னால், "பரவாயில்லையாம்" என்று மொழிபெயர்க்க ஆள் இருக்கிறது! தமிழ் தெரிந்த நர்ஸைக் கூப்பிடச் சொல்லலாம். சீட்டைக் கம்பெனியிடம் கொடுக்கும் முன் போனில் படம் எடுத்துவிடுங்கள்.

ஒரு விஷயத்தைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். சாதாரண எம்.சி.க்கு முழுச் சம்பளம் 14 நாள். ஹாஸ்பிட்டலைசேஷன் லீவுக்கு 60 நாள். அதற்கு மேல் மூன்றில் இரண்டு பங்கு, விபத்து நாளிலிருந்து ஓராண்டு வரை. 'ஹாஸ்பிட்டலைசேஷன்' என்பதால் வார்டில் படுத்த நாட்கள் மட்டும்தான் கணக்கு என்று கம்பெனி கிளார்க் சொல்வார். இல்லை. ஆபரேஷன் முடிந்து டார்மில் ஓய்வெடுக்கும் நாட்களையும் டாக்டர் அந்த லீவாக எழுதலாம். காலையில் ஆபரேஷன் செய்து மாலையில் அனுப்பிவிட்டாலும் எழுதலாம். உங்கள் சீட்டில் எந்த லீவ் என்று பாருங்கள், புரியாவிட்டால் கேளுங்கள்.

லைட் டூட்டியைக் கம்பெனிகள் ஏன் இவ்வளவு விரும்பின? முன்பெல்லாம் எம்.சி. மூன்று நாளைத் தாண்டினாலோ 24 மணி நேரமாவது ஆஸ்பத்திரியில் படுத்தாலோதான் விபத்தை எம்ஓஎம்-க்கு (மனிதவள அமைச்சுக்கு) சொல்ல வேண்டும். இரண்டு நாள் எம்.சி.யோடு நிறுத்தினால் விபத்தே நடக்காத மாதிரி. 2020 செப்டம்பர் 1 முதல் ஒரு நாள் லைட் டூட்டி என்றாலும் சொல்லியாக வேண்டும். சட்டம் மாறிவிட்டது, பழக்கம் மாறவில்லை. கம்பெனி சொல்லாவிட்டால் நீங்களே எம்ஓஎம்-க்குத் தெரிவிக்கலாம்.

இனி ரூமுக்கே ஆள் வரும். "பெரிய தொகை வாங்கித் தருகிறேன், வக்கீல் ஆபீசில் ஒரு கையெழுத்து" என்பார் அண்ணன் முறை கொண்டாடும் ஏஜென்ட். போடாதீர்கள். வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டத்தில் யார் தவறு என்று நிரூபிக்க வேண்டியதில்லை, வக்கீலும் தேவையில்லை. கோர்ட் வழக்கு என்றால் கம்பெனியின் தவறை நீங்கள் நிரூபிக்க வேண்டும். இரண்டு வழியிலும் பணம் வாங்க முடியாது. டாக்டர் பாயிண்ட் (நிரந்தரப் பாதிப்பு எவ்வளவு என்ற மதிப்பீடு) போடுவதற்குள் ஊருக்கு டிக்கெட் எடுத்துத் தந்தாலும் அவசரப்பட்டு ஏறாதீர்கள். பெர்மிட்டை ரத்து செய்தாலும் கிளைம் சாகாது. விபத்து நாளிலிருந்து ஓராண்டுக்குள் அதைப் போட்டுவிட வேண்டும்.