அறுத்துச் செய்த அழகு

அன்புள்ள ஐயா,

பழைய கார்களைப் பற்றிய உங்கள் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். ஒரிஜினல் பெயின்ட்டைக்கூட அழியவிடாமல் காப்பவர்களைப் பாராட்டும் நீங்கள், சென்ற வாரம், வேகத்துக்காகப் பழைய காரை அறுத்து மாற்றிக் கட்டும் அமெரிக்க ஹாட் ராடுகளைப் பற்றியும் அதே வாஞ்சையோடு எழுதியிருந்தீர்கள். 1932-ஆம் ஆண்டு ஃபோர்டு காரின் மட்கார்டைக் கழற்றி எறிவதும், கூரையை அறுப்பதும், எஞ்சினை மாற்றுவதும் கோயில் சிலையை உளியால் திருத்துவது போலல்லவா? இன்று பணம் இருந்தால் எல்லாப் பாகங்களையும் விலைக்கு வாங்கிப் பூட்டிவிடலாமாம். இதில் அப்படி என்ன கவர்ச்சி?

அன்புடன்,
கோவையிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் சிலையோடு ஒப்பிடும் அந்தக் கார் அன்றைக்கு வெறும் பழைய வண்டி. 1930-களின் கடைசியில், லாஸ் ஏஞ்சலீஸ் வட்டாரத்தில் கையில் அதிகம் காசில்லாத இளைஞனும் அதை வாங்க முடிந்தது. சாமானியர் வாங்கும் விலையில் ஃபோர்டு முதன்முதலாக வி8 எஞ்சினை, அதாவது பக்கத்துக்கு நான்காக எட்டு சிலிண்டர் கொண்ட எஞ்சினை, கொடுத்தது 1932-இல்தான். 221 கன அங்குலம், 65 குதிரைத்திறன். மலைகளைத் தாண்டி வடக்கே போனால் மொஹாவி பாலைவனத்தில் முரோக், எல் மிராஜ் போன்ற வறண்ட ஏரிப் படுகைகள் இருந்தன. மைல் கணக்கில் மேடுபள்ளமே இல்லாத களிமண் தரை. வேகத்தைச் சோதித்துப் பார்க்க அதைவிட நல்ல இடம் கிடைக்குமா? 1937-இல் அந்த இளைஞர்களின் சங்கங்கள் ஒன்றுகூடி, ஓட்டங்களின் வேகத்தை அளந்து பதிவுசெய்யத் தெற்குக் கலிஃபோர்னியா டைமிங் அசோசியேஷன் என்ற அமைப்பைத் தொடங்கின.

நீங்கள் சிதைவு என்று நினைக்கும் ஒவ்வொன்றுக்கும் காரணம் அந்தத் தரையில் இருக்கிறது. மட்கார்டு போனது எடை குறைவதற்காக. முன் ஆக்சிலைக் காய்ச்சி வளைத்தது, வண்டியின் முன்பக்கம் தாழ்வதற்காக. பின்சக்கரம் பெரிதானால் ஒரே சுற்றில் அதிக தூரம் ஓடும், உச்சவேகம் கூடும். மூக்கைத் தாழ்த்திப் பின்பக்கம் தூக்கி நிற்கும் அந்தக் கம்பீரம் இப்படித்தான் வந்தது. அலங்காரம் என்று யாரும் திட்டமிட்டுச் செய்ததில்லை. எனக்கு ஹாட் ராடு பிடிப்பதற்கான காரணமும் இதுவே: செய்தவன் என்ன நினைத்தான் என்பது அதன் வெளிப்புறத்திலேயே தெரிகிறது.

எஞ்சினையே பாருங்கள். அந்த வி8-இல் வால்வுகள் எஞ்சினின் உடலான பிளாக்கிலேயே, சிலிண்டருக்குப் பக்கத்தில் அமைந்திருக்கின்றன. எனவே ஹெட் என்பது கிட்டத்தட்ட ஒரு மூடிதான். ஸ்பேனரால் கழற்றி, அடிப்பரப்பைக் கொஞ்சம் சீவிப் பூட்டினால் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் கலவை அமுக்கப்படும் அளவு, ஏறிப் பலம் கூடிவிடும். ஒரு கார்புரேட்டர் இருந்த இடத்தில் இரண்டை வைக்கலாம். ஆனால் எரிந்த வாயு பிளாக்கின் உள்ளே நுழைந்துதான் வெளியே வர வேண்டும். ஒரு பக்கத்தில் நான்கு சிலிண்டர்களுக்கு மூன்றே வாசல்கள். நடுவிலுள்ள இரண்டு சிலிண்டர்களுக்கும் ஒரே வழி. அந்தச் சூட்டில் நிறைய எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீரில் இறங்கும், ரேடியேட்டர் கொதிக்கும். இந்தக் குறைகளோடு மல்லுக்கட்டியே ஒரு தொழில் வளர்ந்தது. விக் எடல்பிராக்கும் எட் இஸ்கெண்டேரியனும் சொந்தக் கார்களோடு பட்டறையில் மாரடித்தவர்கள்தாம். முன்னவர் கார்புரேட்டரிலிருந்து சிலிண்டர்களுக்குக் கலவையைக் கொண்டுபோகும் மேனிஃபோல்டுக்கும், பின்னவர் வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்ட்டுக்கும் பெயர் பெற்றார்கள்.

கூரையை அறுப்பதை ஏதோ முரட்டுத்தனம் என்று எண்ணிவிடாதீர்கள். கூரையைத் தாங்கும் தூண்களில் மூன்று அங்குலம் அறுத்து எடுத்துவிட்டு மேல்பாதியை இறக்கினால் அது கீழ்ப்பாதியோடு பொருந்தாது. தூண்கள் சாய்வாக இருப்பதால் முனைகள் விலகி நிற்கும். தூணைச் சற்று வளைக்க வேண்டும், அல்லது கூரையையே குறுக்கே வெட்டி இடையில் தகடு சேர்க்க வேண்டும். கதவுச் சட்டம், கண்ணாடி எல்லாம் அதற்கேற்ப மாற வேண்டும். கால் அங்குலம் பிசகினால் கார் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு நிற்பது போலத் தெரியும். நன்றாகச் செய்த காரில், அறுத்த இடம் எது என்று விரலால் தடவினாலும் தெரியாது.

ஹாட் ராடு கட்டியவர்களில் ஒருவரான டோன் ஸ்பென்சரின் 1932 ஃபோர்டு ரோட்ஸ்டரை, அதாவது நிலையான கூரையில்லாத காரை, படத்திலாவது பாருங்கள். நடுவில் முனை வைத்துப் பின்னோக்கிச் சாய்ந்த அதன் முன்கண்ணாடி ஒன்றே போதும், நான் சொல்வது விளங்கிவிடும். மெக்சிகோவில் 1950 முதல் 1954 வரை கரேரா பானமெரிக்கானா என்ற நெடுஞ்சாலைப் பந்தயம் நடந்தது. அதில் ஓட்டும் எண்ணத்தோடு, நன்றாக இருந்த காரையே ஸ்பென்சர் மறுபடி பிரித்தார். கரடுமுரடான சாலையில் அடிப்பாகம் இடிபடாதபடி மாற்றிக் கட்டினார். பந்தயத்துக்கு அவர் போகவில்லை, கார் கைமாறியது. 1997-இல், பழைய கார்களுக்கு உலகிலேயே பெரிய மேடை என்று சொல்லத்தக்க கலிஃபோர்னியாவின் பெபிள் பீச் கண்காட்சியில் ஹாட் ராடுகளுக்கு முதன்முதலாக ஒரு பிரிவு திறந்தார்கள். அதில் முதலிடம் இந்தக் காருக்கு. அதற்காக இந்தக் காரைப் புதுப்பித்தவர்கள் ஃபோர்டு செய்த நிலைக்கு அதைத் திருப்பவில்லை. ஸ்பென்சர் செய்த மாற்றங்களைத்தான் மீட்டெடுத்தார்கள். ஒரிஜினல் பெயின்ட்டைக் காப்பவர்களின் அதே பக்தி இங்கேயும் இருக்கிறது, இல்லையா?

விலைக்கு வாங்கிப் பூட்டுவது பற்றி நீங்கள் சொன்னது பெரும்பாலும் சரி. 1955-இல் ஷெவர்லேயின் புதிய வி8 வந்தபிறகு பழைய எஞ்சினோடு போராட வேண்டிய தேவை போய்விட்டது. அப்புறம் ஃபைபர் பாடி, முழுதாகக் கட்டிப் பெட்டியில் வரும் எஞ்சின் என்று எல்லாம் எளிதாகின. அப்படிப் பூட்டிய பல கார்கள் பளபளவென்றுதான் இருக்கின்றன. எனக்கு அவற்றில் மனம் ஒட்டுவதில்லை. ஆனால் நல்ல கைகாரர் ஒருவர், குறிப்பிட்ட ஒருவருக்காகக் கட்டிய காரில் உட்கார்ந்தால் வித்தியாசம் தெரியும். ஸ்டியரிங்கின் சாய்வும் பெடலின் தூரமும் உரிமையாளரின் உயரத்துக்கு அளந்து வைத்தவை. இன்னொருவருக்கு அவை சரியாக அமையாது.

ஒன்றில் மட்டும் நான் முழுக்க உங்கள் பக்கம். துருப்பிடிக்காமல், ஒரு பாகமும் மாறாமல் தப்பிப் பிழைத்த 1932 ஃபோர்டை இன்றைக்கு ஒருவர் அறுக்கக் கிளம்பினால், அது தவறு. அன்று அவை குவிந்து கிடந்தன, இன்று இல்லை. அதே வடிவில் புதிய எஃகு பாடிகளை அமெரிக்காவில் செய்து விற்கிறார்கள். அறுக்க விரும்புபவர் அதை வாங்கி, மனம்போல அறுக்கட்டும்.