கடல்நீர் மீன்தொட்டிக்குப் பாசி வடிகட்டி: வாங்குமுன் சில கேள்வி-பதில்

கேள்வி: மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத் தொட்டி ஒன்றில் கடல் மீனும் பவளமும் வளர்க்க விருப்பம். கடைக்காரர் புரோட்டீன் ஸ்கிம்மர், ரியாக்டர், நாலு போத்தல் மருந்து என்று நீளப் பட்டியல் தந்திருக்கிறார். பாசியை வைத்தே தண்ணீரைச் சுத்தமாக்கலாம் என்கிறார்களே, உண்மையா? பட்டியலில் எதை வெட்டலாம்? (கொக்குவில்)

பதில்: போத்தல்களை முதலில் வெட்டுங்கள். ஸ்கிம்மரையும் (அழுக்கை நுரையாக்கிப் பிரிக்கும் கருவி) தள்ளிப்போடலாம். பாசியால் முடியும். அமெரிக்காவின் சிமித்சோனியன் நிறுவனத்தில் வோல்டர் ஏடி என்ற ஆய்வாளர் இந்த முறையை உருவாக்கிப் பல ஆண்டுகள் பவளத்தொட்டிகளை நடத்திக் காட்டியிருக்கிறார். மீனுக்குப் போடும் தீன் கடைசியில் நைத்திரேற்றாகவும் பொசுபேற்றாகவும் தண்ணீரில் நிற்கும். அவற்றைத் தின்று பாசி வளரும். வளர்ந்ததை நீங்கள் சுரண்டி வெளியே போடும்போதுதான் அந்தச் சத்து தொட்டியை விட்டுப் போகிறது. சுரண்டாத பாசி வடிகட்டி அல்ல.

இதற்கு வேண்டியது பாசித்திரை: தண்ணீர் வழிய, வெளிச்சத்தில் பாசி பிடித்து வளரும் ஒரு திரை. அதன் அளவைத் தொட்டியின் லீற்றரை வைத்துக் கணக்கிடக்கூடாது. ஒரு நாளைக்கு எவ்வளவு தீன் போடுகிறீர்கள் என்பதுதான் கணக்கு. உறைந்த தீன் கட்டி ஒன்றுக்கு, இருபுறமும் வெளிச்சம் படும் 75 சதுர சென்ரிமீற்றர் திரை வேண்டும். உங்கள் தொட்டி கொள்வது 190 லீற்றர். கல்லும் மணலும் போக 150 லீற்றர் தண்ணீர் நிற்கும். அதில் நாலைந்து சிறிய மீன்களுக்கு நாளுக்கு இரண்டு கட்டிக்கு மேல் போகாது. ஆகவே 10 சென்ரிமீற்றர் அகலம், 15 சென்ரிமீற்றர் உயரத் திரை காணும்.

திரைக்குத் தையல் வேலைக்கு விற்கும் பிளாஸ்ரிக் கான்வஸ் எடுங்கள். கடையில் வாங்கியபடி வழுவழுப்பாகத் தொங்கவிட்டால் பாசி பிடித்த கையோடு வழுக்கி விழுந்துவிடும். ஹக்சோ அலகால் இரண்டு பக்கமும் குறுக்கும் நெடுக்குமாக உரசி, தொட்டால் விரலில் முள் குத்துகிறமாதிரி ஆக்கவேண்டும். முக்கால் அங்குல பி.வி.சி. குழாயில் 3 மில்லிமீற்றர் அகலத்தில், திரையின் நீளத்துக்கு ஒரு கீறல் வெட்டி, திரையின் மேல்விளிம்பை அதற்குள் சொருகுங்கள். தண்ணீர் இரண்டு பக்கமும் மெல்லிய படலமாக வழிந்து கீழ்த்தொட்டியில் (மீன்தொட்டிக்குக் கீழே வைக்கும் துணைத்தொட்டி) விழவேண்டும். அகலத்தின் ஒவ்வொரு சென்ரிமீற்றருக்கும் மணிக்கு 50 லீற்றர் என்பது கணக்கு. உங்களுக்கு 500 லீற்றர். பம்ப் பெட்டியில் எழுதியிருக்கும் அளவு தண்ணீரை உயரத்துக்கு ஏற்றாதபோது கிடைப்பது. மூன்றடி ஏற்றினால் பாதியாகவும் குறையலாம். ஒரு வாளியை வைத்து எத்தனை விநாடியில் நிரம்புகிறது என்று அளந்து பார்த்துவிட்டு வாங்குங்கள்.

வெளிச்சம் பக்கத்துக்கு 10 வாற்று எல்.ஈ.டி. போதும்; 660 நனோமீற்றர் சிவப்பு என்றால் நல்லது. முதலில் நாளுக்கு 9 மணித்தியாலம், பச்சை பிடித்தபின் படிப்படியாக 18 வரை. தொட்டி விளக்கு அணைந்திருக்கும் இரவில் இது எரிவது நல்லது. இரவில் தண்ணீரில் காபனீரொட்சைட்டு கூடி பி.எச். விழுவதை அது ஓரளவு தடுக்கும். குழாய்க் கீறலில் மட்டும் வெளிச்சம் படாமல் கறுப்புப் பிளாஸ்ரிக்கால் மூடுங்கள். இல்லாவிட்டால் பாசி கீறலுக்குள்ளேயே வளர்ந்து ஓட்டத்தை அடைக்கும். திரையின் ஒரு பக்கம் காயும். அந்தப் பக்கம் செத்ததுகூட உடனே தெரியாது.

கேள்வி: பாசித்திரை பூட்டி மூன்று கிழமை. மண்ணிறச் சளிதான் பிடித்திருக்கிறது, பச்சையைக் காணவில்லை. ஏமாந்துவிட்டேனா? (சுன்னாகம்)

பதில்: இல்லை. முதலில் வருவது மண்ணிறச் சளிதான். அதை மெதுவாக வழித்துவிட்டுத் திரையைத் திருப்பி மாட்டுங்கள். பச்சைத் தலைமயிர்ப் பாசி பிடிக்க நாலு முதல் ஆறு கிழமை எடுக்கும்.

பிறகு நிறத்தைப் பார்த்தே நிலைமையைச் சொல்லலாம். பளிச்சென்ற பச்சை சரி. கறுத்து எண்ணெய்ப்பிசுக்காக வந்தால் சத்து மிதமிஞ்சியிருக்கிறது, வெளிச்சம் காணாது. மஞ்சளாக றப்பர்போல வந்தால் இருக்கிற சத்துக்கு வெளிச்சம் கூடிவிட்டது, நேரத்தைக் குறையுங்கள்.

ஏழு முதல் பத்து நாளுக்கு ஒருமுறை திரையைக் கழற்றிக் குழாய்த் தண்ணீரின் கீழ் பிடித்து, பழைய பிளாஸ்ரிக் அட்டையால் சுரண்டுங்கள். நல்ல தண்ணீர் பட்டால் பாசியைத் தின்னும் சின்னப் பூச்சிகளும் சாகும். கீரை ஆய்வதுபோல அடியை விட்டு மேலை எடுக்கவேண்டும். வெள்ளைவெளேரெனத் தேய்த்தால் மீண்டும் சளியில் இருந்துதான் தொடக்கம். பெருவிரல் தடிப்புக்கு வளரவிட்டாலும் பிழை: அடியில் வெளிச்சம் படாமல் அழுகி, மொத்தமாகக் கழன்று விழுந்து, குடித்த சத்தையெல்லாம் ஒரே நாளில் திருப்பிக் கொடுக்கும். சுரண்டியதை உப்புப் போக அலசிவிட்டுத் தென்னைக்குப் போடலாம்.

தண்ணீர் மெல்ல மஞ்சளாவது பாசி முறையின் குணம். 50 கிராம் ஏவப்பட்ட கரியை (அக்டிவேற்றட் காபன்) ஒரு துணிப்பையில் கட்டி ஓட்டத்தில் வைத்து, மாதம் ஒருமுறை மாற்றுங்கள்.

கேள்வி: கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சிப் பாவிக்கலாமா? கடையில் விற்கும் ஆர்.ஓ. தண்ணீர் காணுமா? (உரும்பிராய்)

பதில்: காய்ச்சினால் கிருமி போகும், நைத்திரேற்று போகாது, ஆவியாகும் அளவுக்குச் செறிவு கூடத்தான் செய்யும். எங்கள் யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் நிலத்துக் கிணறுகளில் வன்தன்மை அதிகம். வலிகாமத்தில் தோட்டங்களுக்கு நடுவே உள்ள கிணறுகள் பலவற்றில், குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் லீற்றருக்கு 50 மில்லிகிராம் எல்லைக்கு மேல் நைத்திரேற்று இருந்தது ஆய்வுகளில் தெரியவந்த விடயம்.

ஆர்.ஓ. சவ்வு நைத்திரேற்றில் பத்தில் ஒன்பது பங்கைத்தான் பிடிக்கும். கிணற்றில் 60 இருந்தால் வடித்த தண்ணீரில் 6 மிஞ்சும். கோடையில் முதல் கேள்வியில் வந்ததுபோன்ற தொட்டியில் நாளுக்கு 3 லீற்றர் ஆவியாகும் என்று வையுங்கள். அதை இந்தத் தண்ணீரால் நிரப்பினால், 150 லீற்றரில் மாதம் லீற்றருக்கு மூன்றரை மில்லிகிராம்வரை நைத்திரேற்று ஏறும். மீன் எதுவும் தின்னாமலே. அதனால் ஆர்.ஓ.வுக்குப் பின்னால் மிஞ்சிய உப்புகளையும் பிடிக்கும் டி.ஐ. ரெசின் குழாய் ஒன்று பூட்டுங்கள். கடைத் தண்ணீர் என்றால் தண்ணீரில் கரைந்திருப்பதை அளக்கும் கையடக்க ரி.டி.எஸ். மீற்றரைக் கொண்டுபோய் அங்கேயே அளவுங்கள். சுவைக்காகக் கனிப்பொருள் சேர்த்து விற்பவர்களும் உண்டு. தொட்டிக்கு வேண்டியது பூச்சியம்.

ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு அல்ல. குறைந்ததை உப்பில்லாத தண்ணீரால்தான் நிரப்பவேண்டும். இதைத் தலைகீழாகச் செய்து மீனைக் கொன்றவர்கள் நிறையப்பேர்.

கேள்வி: ஆனையிறவு உப்பு மலிவாகக் கிடைக்கிறது. அதுவும் கடல் உப்புத்தானே? (சாவகச்சேரி)

பதில்: சமையலுக்கு அருமையான உப்பு, தொட்டிக்கு ஆகாது. உப்பளத்தில் கடல்நீர் வற்றும்போது சுண்ணாம்பும் ஜிப்சமும் முன்பாத்திகளிலேயே படிந்துவிடும். பிறகு உப்புப் பூக்கும். மக்னீசியமும் பொட்டாசியமும் மிஞ்சிய கசப்புநீரோடு வடிக்கப்படும். கையில் வருவது ஏறத்தாழ முழுதும் சோடியம் குளோரைட்டு. அதைக் கரைத்தால் உப்புத்தண்ணீர் வரும், கடல்நீர் வராது. பவளத்துக்கு லீற்றருக்குக் கல்சியம் 400 முதல் 450 மில்லிகிராம், மக்னீசியம் 1250 முதல் 1350 மில்லிகிராம் வேண்டும்.

பவளத்தொட்டிக்கென்று விற்கும் கலவை உப்பை லீற்றருக்கு 36 கிராம் கணக்கில் கரையுங்கள். 150 லீற்றரின் முதல் நிரப்புக்கு 5.4 கிலோ, இரு கிழமைக்கு ஒருமுறை 15 லீற்றர் மாற்ற 540 கிராம். பை கிழிந்தோ கட்டிபட்டோ இருந்தால் வாங்கவேண்டாம். ஈரம் புகுந்த உப்பில் கல்சியம் படிந்து கரையாமல் நிற்கும்.

கேள்வி: வீட்டில் இருந்து பத்து நிமிடத்தில் கடல். பிறகு எதற்கு உப்பு வாங்கவேண்டும்? (பருத்தித்துறை)

பதில்: உங்களுக்கு அந்த வசதி உண்டு, யாழ்ப்பாணக் களப்பை ஒட்டிய பண்ணைப் பக்கத்தவருக்கு இல்லை. களப்புநீர் கோடையில் கடலைவிட உப்பேறும், மாரியில் மழைநீராகும், ஊர்க் கழிவும் சேரும். வடமராட்சி வெளிக்கடலில், கோடையில், கரையை விட்டுத் தள்ளிப் போகும் வள்ளத்தில் அள்ளினால் நல்ல தண்ணீர். மாரியில் கடலின் உப்பே குறையும். தொண்டைமானாற்றுத் தடுப்பணைக் கதவு திறந்த நாட்களில் அந்தப் பக்கமே போகவேண்டாம்: வருவது தோட்டத்து உரம் கரைந்த வெள்ளம்.

உணவுத்தரப் பிளாஸ்ரிக் கானில் எடுங்கள். துணியால் வடித்து, இருட்டில் காற்றுக்குமிழ் விட்டு இரண்டு கிழமை வைத்து, உப்பளவைக் காட்டும் ரிஃபிரக்ரோமீற்றரில் 35 (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) காட்டுகிறதா என்று பார்த்துப் பாவியுங்கள். அந்தக் கருவியை வெறும் தண்ணீரை வைத்து மட்டும் சரிபார்க்கவேண்டாம். 35 அளவுத் திரவம் ஒரு சின்னப் போத்தல் சேர்த்து வாங்குங்கள்.

கேள்வி: பழைய மதிலில் இருந்து எடுத்த முருகைக்கல் இருக்கிறது. தொட்டிக்குள் வைக்கலாமா? கரையில் கிடக்கும் பவளம்? (காரைநகர்)

பதில்: கரையிலோ கடலிலோ இருந்து எதையும் எடுக்கவேண்டாம். கல்பவளம் இலங்கையில் சட்டத்தால் காக்கப்பட்ட உயிர். நாடு கடந்த வியாபாரமும், அருகிவரும் உயிரினங்களின் வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைற்றிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் கட்டுப்பட்டது. கடைக்காரர் விற்றால் அனுமதிப் பத்திரத்தைக் கேளுங்கள். தடுமாறினால் அந்தக் கடையில் மீனும் வாங்காதீர்கள்.

மதில்கல் வேறு. நுண்துளை நிறைந்தது, பக்ரீரியா குடியிருக்க நல்ல இடம். ஆனால் மண்ணோடும் எச்சத்தோடும் கிடந்த கல் பொசுபேற்றை உறிஞ்சி வைத்திருக்கும். சீமெந்து, சுண்ணாம்புச் சாந்து ஒட்டியதைக் கழித்துவிடுங்கள். மிச்சத்தைப் பிரஷால் தேய்த்து, ஆர்.ஓ. தண்ணீரில் ஊறவிட்டுக் கிழமைக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றி, பொசுபேற்று லீற்றருக்கு 0.1 மில்லிகிராமுக்குக் கீழே வந்து நின்றபின் தொட்டியில் இறக்குங்கள். இரண்டு மாதம் போனாலும் போகும்.

கேள்வி: திரைக்குப் பதிலாகக் கீழ்த்தொட்டியில் கடற்பாசி வளர்த்தால் என்ன? (நல்லூர்)

பதில்: வளர்க்கலாம். நூல் சிக்கல்போல இருக்கும் கீற்றோமோர்பா முதல் தெரிவு. கிழமைக்கு ஒரு பிடி வெட்டி எறிந்தால் போதும். கஞ்சிப்பாசியும் வளரும், மெதுவாக. கோலேர்ப்பா அழகாகப் படரும், ஆனால் வெட்டாமல் விட்டால் ஒரு இரவில் தன் உள்ளடக்கத்தையெல்லாம் தண்ணீரில் கொட்டிவிட்டு வெளிறிச் சாகும். காலையில் தொட்டி பால்போல் கலங்கி, மீன் மூச்சுக்கு மேலே வந்து நிற்கும். திரைக்கு இந்த ஆபத்து இல்லை, இடமும் குறைவு.

கேள்வி: கரன்ட் பில் எவ்வளவு கூடும்? கரன்ட் போனால்? (மானிப்பாய்)

பதில்: பம்ப் 25 வாற்று, அலை பம்ப் 10, தொட்டி விளக்கு 80 வாற்று 9 மணித்தியாலம், திரை விளக்கு இரண்டும் 18 மணித்தியாலம் என்றால் நாளுக்கு 1.9 யூனிற், மாதம் 58. யூனிற் கூடக்கூட விலைப்படி ஏறுவதால், உங்கள் வீட்டுப் பில் இப்போது எந்தப் படியில் நிற்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். குளிரூட்டி வாங்குவதற்கு முன் நீர்மட்டத்துக்கு மேல் வீசும் சின்ன விசிறி ஒன்று வையுங்கள். சித்திரை வெக்கையிலும் இரண்டு மூன்று பாகை இறங்கும். 27க்குக் கீழே வைத்திருக்கப் பாருங்கள். 30ஐத் தாண்டி நின்றால் பவளம் வெளிறும்.

கரன்ட் போனால் முதலில் குறைவது ஒட்சிசன். பற்றரியில் ஓடும் காற்றுப் பம்ப் ஒன்று கட்டாயம். நேரம் நீண்டால் திரையைக் கழற்றித் தொட்டி நீருக்குள் போட்டுவிடுங்கள், காயாது. உப்புநீருக்குப் பக்கத்தில் மின்சாரம் என்பதால் அந்த இணைப்புக்கு ட்ரிப் சுவிச் இல்லாமல் எதையும் பூட்டவேண்டாம்.

கேள்வி: கடல்நீருக்கு ஏற்றது என்று விற்ற பம்ப் ஒரு மாதத்தில் துருப்பிடித்துவிட்டது. கடைக்காரர் மாற்றித் தர மறுக்கிறார். (திருநெல்வேலி)

பதில்: பற்றுச்சீட்டில் பொருளின் மாதிரி எண் எழுதப்பட்டிருக்கிறதா? 'மீன் பம்ப் 1' என்று மட்டும் இருந்தால் வாதாடுவது கடினம். மாதிரி எண் இருந்தால், துருவின் படத்தையும் பெட்டியில் உள்ள வாசகத்தின் படத்தையும் சேர்த்து, வாங்கி மூன்று மாதத்துக்குள் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடுங்கள், தொலைபேசி 1977. துருப்பிடித்த பம்பை இன்றே தொட்டியை விட்டு எடுத்துவிடுங்கள். உள்ளே செம்புக்கம்பி தண்ணீரில் பட்டால் பவளமும் இறாலும் மிஞ்சாது.

கேள்வி: பிள்ளைகள் அந்த நீல மீன்தான் வேண்டும் என்று நிற்கிறார்கள். எப்போது விடலாம்? (கொக்குவில்)

பதில்: மூன்றடித் தொட்டியில் எப்போதும் விடவேண்டாம். நீல ராங் ஒரு அடிக்குக் கிட்ட வளரும், நீந்த ஆறடியாவது வேண்டும். தண்ணீர்ச் சோதனையில், மீனுக்கு நஞ்சான அமோனியாவும் நைத்திரைற்றும் பூச்சியம் காட்டி, திரையில் பச்சை பிடித்தபின் இரண்டு கோமாளி மீன்களை விடுங்கள். அடுத்த சோடிக்கு ஒரு மாதம் பொறுங்கள்.