ஜனவரியில் யாரா பள்ளத்தாக்கு: போகலாம், மூன்று மணிக்கு முன் திரும்பிவிடுங்கள்

களுவாஞ்சிகுடி வாசகி ஒருவரின் கேள்வி: "மகன் மெல்பேர்னில் இருக்கிறான். ஜனவரியில் நானும் அவரும் போகிறோம். இறங்கின மற்ற நாளே யாரா பள்ளத்தாக்கு வைன் தோட்டங்களுக்குக் கூட்டிப்போவதாக மகன் சொல்கிறான். 40 டிகிரி வெயில் அடிக்கும் என்று பக்கத்து வீட்டார் பயமுறுத்துகிறார்கள். அவருக்கு 66 வயது, சீனி வருத்தமும் பிரஷரும் உண்டு. நான் குடிப்பதே இல்லை. நமக்கு வெயில் பழக்கம்தானே என்கிறார் அவர். போகலாமா?"

போகலாம் அம்மா. ஆனால் ஐயா சொன்ன அந்தக் கடைசிக் கதையை நம்பிப் போகவேண்டாம். நானும் அதைச் சொல்லித்தான் மாட்டினேன். மெல்பேர்னில் சில வருடம் சுற்றுலா வேன் ஓட்டினவன் நான். முதல் கோடையில் ஒருநாள் பின்னேரம் மூன்று மணிக்கு, தொப்பிகூட இல்லாமல் திராட்சை வரிசைக்குப் பக்கத்தில் நின்று ஆட்களுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன். சட்டை நனையவில்லை. வியர்க்கவில்லையே, அப்போ சூடு பெரிதில்லை என்று நினைத்தேன். அரை மணி நேரத்தில் தலையிடி, கண் இருட்டிக்கொண்டு வந்தது. வேன் படியில் குந்திவிட்டேன். கூட்டிவந்த பயணிகள்தான் எனக்குத் தண்ணீர் தந்தார்கள்.

வியர்க்காமல் இல்லை, வியர்த்த கையோடு காய்ந்துவிடுகிறது. அதுதான் சங்கதி. நம் ஊரில் ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வாவி. 33 டிகிரிக்கே உடம்பு தோய்ந்துவிடும், நாமும் நிழலையும் தண்ணீரையும் தேடிப்போவோம். அங்கே கடும் வெயில் நாட்களில் காற்று வடக்கிலிருந்து, உள்நாட்டு வறண்ட நிலத்தின் மேலாக வரும். ஈரமே இருக்காது. நம்மிடம் அதற்குக் கிட்டின சொந்தம் கச்சான் காற்றுதான். ஆனி ஆடியில் கச்சான் வீசும்போது உதடு வெடிக்குமே, அந்த மாதிரி. ஆகவே தாகம் எடுக்கும் வரை காத்திருக்கக் கூடாது. காரில் ஏறும்போதே போத்தலைத் திறந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டு இருங்கள். தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் ஜீவனி உப்புப் பொடி கொண்டுபோகலாமா என்று அடுத்து கேட்பீர்கள். அதில் சீனி இருக்கிறது, ஐயாவுக்கு வெறும் தண்ணீர் போதும்.

இன்னொன்று, நீங்கள் புறப்படுவது மாரியில். மழையும் வெள்ளமும் குளிர்ந்த காற்றுமாக இருக்கும் உடம்பு நேரே நடுக் கோடையில் போய் இறங்குகிறது. வெயிலுக்கு உடம்பு பழக ஒன்று இரண்டு கிழமை எடுக்கும். அதனால் மகனிடம் சொல்லி இந்தப் பயணத்தை இரண்டாம் கிழமைக்குத் தள்ளிப்போடுங்கள். விமானக் களைப்போடு மற்ற நாளே போவது சரிவராது.

40 டிகிரி என்பது தினமும் வருவதில்லை. சாதாரண ஜனவரி நாளில் 26, 28 டிகிரி அளவில்தான் நிற்கும், நமக்கு அது சுகமான காலநிலை. இடையிடையே சில நாள் ஏறும். பிறகு தெற்கு, தென்மேற்குக் காற்றுத் திரும்பினால் ஒரு மணி நேரத்துக்குள் பத்துப் பதினைந்து டிகிரி இறங்கிவிடும். காலையில் விசிறி தேடினவர் பின்னேரம் சுவெட்டர் தேடுவார். ஆகவே மெல்லிய சுவெட்டர் ஒன்று பையில் இருக்கட்டும். காற்று குளிராக இருக்கிறதே என்று தொப்பியைக் கழற்றவும் வேண்டாம். அந்த மாதத்தில் புற ஊதாக் கதிர் மிகக் கடுமை, நம் நிறத் தோலும் எரியும். முழுக்கைச் சட்டை, அகல விளிம்புத் தொப்பி, சன்ஸ்கிறீன் மூன்றும் வேண்டும்.

நம் ஆட்கள் அதிகம் ஏமாறுவது மணிக்கூட்டில். நமக்கு உச்சி வெயில் பன்னிரண்டு மணிக்கு. அங்கே கோடையில் மணிக்கூட்டை ஒரு மணி நேரம் முன்னுக்குத் தள்ளி வைத்திருப்பார்கள். அதனால் சூரியன் உச்சிக்கு வருவதே கிட்டத்தட்ட ஒன்றரை மணிக்கு, சூடு உச்சத்துக்குப் போவது மூன்று முதல் ஐந்து மணி வரை. பொழுது படுவது எட்டரைக்குப் பிறகு. "நாலு மணியாகிவிட்டது, வெயில் தாழ்ந்திருக்கும், ஒரு நடை போவோம்" என்று இங்கே சொல்வது போல அங்கே சொல்லாதீர்கள். நகரத்திலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேர ஓட்டம்தான். ஒன்பது மணிக்கு வெளிக்கிட்டால் தோட்டங்கள் திறக்கும்போது போய்ச் சேரலாம். வெளியில் பார்ப்பதையெல்லாம் பன்னிரண்டுக்குள் பார்த்துவிட்டு, ஏசி உள்ள இடத்தில் சாப்பிட்டு, மூன்று மணிக்கு முன் திரும்பிவிடுங்கள்.

நெருப்பு விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். 2009 பெப்ரவரி 7ஆம் திகதி மெல்பேர்னில் 46.4 டிகிரி. அன்றைய காட்டுத்தீயில் விக்டோரியா மாநிலத்தில் 173 பேர் இறந்தார்கள். யாரா பள்ளத்தாக்கின் ஓரங்களும் எரிந்தன. இப்போது தீ ஆபத்தை நான்கு படியாக அறிவிக்கிறார்கள். மேல் இரண்டு படிகளில் ஒன்று அறிவிக்கப்பட்டால் அன்றைக்குப் போகவே வேண்டாம், முன்பதிவுக் காசு போனாலும் போகட்டும். மகனின் தொலைபேசியில் விக்எமர்ஜென்சி என்ற அவசர எச்சரிக்கைச் செயலி இருக்கிறதா என்று கேளுங்கள். முதல் நாள் இரவு ஒருமுறை, காலையில் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

சரி, ஐயாவின் கதைக்கு வருவோம். தோட்டத்தில் ருசி பார்க்கும் கூடத்தை அங்கே செலர் டோர் என்பார்கள். காசு கட்டி உட்கார்ந்தால் ஐந்தாறு வகையைச் சிறிது சிறிதாக ஊற்றித் தருவார்கள். எல்லாவற்றையும் குடிக்கவேண்டும் என்று ஒருவரும் எதிர்பார்ப்பதில்லை. வாயில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்ப ஒரு பாத்திரம் மேசையிலேயே இருக்கும், துப்புவது மரியாதைக் குறைவு அல்ல. சீனிக் குளிசை எடுப்பவருக்கு, அதுவும் வெறும் வயிற்றில், மதுவால் சீனி சட்டென்று இறங்கக்கூடும். நடுக்கம், வியர்வை, தலைச்சுற்று, இவை வெயிலால் வந்ததா சீனி இறங்கி வந்ததா என்று பார்த்துச் சொல்ல முடியாது. ஆகவே சீனி பார்க்கும் கருவியும் நாலு டொபியும் உங்கள் கைப்பையில் இருக்கட்டும். பிரஷருக்குச் சலம் போகும் குளிசை எடுப்பவர் என்றால் வெயிலில் இன்னும் விரைவாக உடம்பு வரளும். போகுமுன் குளிசைகளைக் காட்டி டொக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். மருந்தைக் காரில் விட்டுவிட்டு இறங்கவேண்டாம்.

ஓட்டுகிறவர் மகன் என்றால் அவருக்கு ருசி கிடையாது. அங்கே சட்ட எல்லை 0.05, பி தகடு போட்ட புது ஓட்டுநருக்குச் சுத்தமாகப் பூச்சியம். வழியில் பொலிஸ் மறித்து ஊதச் சொல்வது சாதாரணம்.

குடிக்காத நீங்கள் என்ன செய்வது? எனக்கு அதிகம் பிடித்த பயணிகள் குடிக்காதவர்கள்தான், அவர்கள்தான் தோட்டத்தைப் பார்ப்பார்கள். நீங்கள் போகும் மாதத்தில் நம் வட்டையில் நெல் முற்றுகிற மாதிரி அங்கே திராட்சை முற்றும். சிவப்பு வகைகளில் ஒரே குலையில் பச்சைக் காயும் ஊதாக் காயும் கலந்து நிற்கும் காலம் அது. பெப்ரவரியிலிருந்துதான் அறுவடை. பறவை கொத்தாமல் வரிசை வரிசையாக வலை போர்த்திருப்பார்கள், தூரத்தில் பார்த்தால் பனிப்புகார் படிந்த மாதிரி இருக்கும். இந்தப் பள்ளத்தாக்கின் முதல் திராட்சைக்கொடிகள் 1838இல் யேரிங் என்ற இடத்தில்தான் நடப்பட்டன. நுரைக்கும் வைன் பார்க்க விருப்பமென்றால் பிரெஞ்சு நிறுவனம் 1986இல் தொடங்கிய ஷாண்டோன் தோட்டம் கோல்ட்ஸ்ட்ரீமில் இருக்கிறது. அப்புறம் ஹீல்ஸ்வில் சரணாலயம். கங்காரு வெயிலில் நிழலில் படுத்துக் கிடக்கும், வாத்து மாதிரி அலகுள்ள பிளாட்டிபஸ் இருட்டறைத் தொட்டியில் நீந்தும். உச்சி நேரத்தில் நுழைய அதைவிட நல்ல இடம் இல்லை.

படம் எடுக்க வேண்டுமென்று கொடி வரிசைக்குள் இறங்காதீர்கள். வேரைத் தின்னும் பிலோக்செரா என்ற நுண்பூச்சி 2006இல் இந்தப் பள்ளத்தாக்கில் கண்டுபிடிக்கப்பட்டது. சப்பாத்தில் ஒட்டின மண்ணிலேயே அது அடுத்த தோட்டத்துக்குப் போய்விடும். பிறத்தியார் வயலுக்குள் கேட்காமல் இறங்கினால் நம் ஊரில் விடுவார்களா?

போத்தல் வாங்கினால் டிக்கியில் வைக்கவேண்டாம். வெயிலில் நிறுத்திய கார் அடுப்பு மாதிரி. என்னோடு வந்த ஒருவரின் ஆறு போத்தலிலும் தக்கை வெளியே தள்ளி நின்றது. ஐஸ் பெட்டியில் போட்டுப் பின் ஆசனத்தில் வையுங்கள். உங்கள் சாக்லேட்டுக்கும் அதிலேயே இடம் பிடித்துவிடுங்கள்.