ரேகை எங்கே போச்சு? கார்ட்டூனிஸ்ட் பதில்கள்

வாசகி, காரைக்குடி: வாராவாரம் புதுசு புதுசாக ஜோக் வரைகிறீர்களே, உட்கார்ந்து யோசிப்பீர்களா, இல்லை தானாக வருமா?

உட்கார்ந்து யோசித்தால் எனக்கு வருவதெல்லாம் ஏற்கெனவே யாரோ போட்ட ஜோக்தான். அதே மாமியார் மருமகள், அதே மன்னர் புலவர். புதுசு வேண்டுமென்றால் வெளியே போய் நிற்க வேண்டும், அதுவும் நாலு பேர் காத்திருக்கிற இடமாகப் பார்த்து. காத்திருக்கும்போதுதான் நம் ஜனங்கள் வாய்விட்டுப் பேசுகிறார்கள்.

ஒன்று சொல்கிறேன். போன வருடம் ரேஷன் கடை வரிசையில் எனக்கு முன்னால் ஒரு பாட்டி. கைரேகை மிஷினில் கட்டைவிரலை வைக்கிறார், எடுக்கவில்லை. முந்தானையில் துடைத்துவிட்டு மறுபடி வைக்கிறார், அப்போதும் எடுக்கவில்லை. "வேற விரல் வைங்கம்மா" என்கிறார் கடைக்காரர். ஆள்காட்டி விரல், நடுவிரல், அப்புறம் இடது கை என்று ஒரு சுற்று வந்தாயிற்று, பின்னால் நின்றவர்கள் முனக ஆரம்பித்துவிட்டார்கள். பாட்டி பதறவேயில்லை. உள்ளங்கையைத் திருப்பி வெளிச்சத்தில் ஒருதரம் பார்த்துவிட்டு, "அம்பது வருஷம் மாவாட்டின கை தம்பி, ரேகையெல்லாம் ஆட்டுக்கல்லோட போச்சு" என்றார். முனகியவர்கள் அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள்.

அந்தப் பேச்சை அப்படியே போட்டால் போதும் என்றுதான் முதலில் நினைத்தேன். பாட்டி, மிஷின், கடைக்காரர், கீழே அந்த வசனம். வரைந்து பார்த்தால் சப்பென்று இருந்தது, ஏனென்றால் சிரிப்பு முழுக்க வசனத்திலேயே இருக்கிறது, படத்துக்கு அங்கே வேலை இல்லை. இரண்டு நாள் கிடப்பில் கிடந்தது. மூன்றாம் நாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனபோது, மழைத்தண்ணீர் நிரம்பிக் கிடந்த எங்கள் வீட்டுப் பழைய ஆட்டுக்கல் கண்ணில் பட்டது, பொறி தட்டிவிட்டது. பேரன்கள் இரண்டு பேர் மூச்சு வாங்க ஆட்டுக்கல்லைத் தூக்கிவந்து ரேஷன் கடை மேஜை மேல் வைக்கிறார்கள், பாட்டி கடைக்காரரிடம் சொல்கிறார்: "ரேகை இதுலதான் இருக்கு, வச்சுப் பாருங்க!" அந்த வாரம் போட்டது இதைத்தான். பாட்டி சொன்னது பாதி, ஆட்டுக்கல்லைக் கடை வரைக்கும் கொண்டுபோனது மட்டும்தான் என் வேலை.

வாசகர், திண்டுக்கல்: பெரிய கார்ட்டூனிஸ்டுகளும் இப்படித்தானா?

நான் மதிக்கிறவர்கள் எல்லோரும் வேடிக்கை பார்ப்பதில் மன்னர்கள். ஆர்.கே.லக்ஷ்மண் மைசூரில் சிறுவனாக இருந்தபோதே ஜன்னலுக்கு வெளியே தெரிந்ததையெல்லாம் வரைந்தவர், காய்ந்த சுள்ளி, விறகு வெட்டுகிற ஆள், அப்புறம் காக்கை. காக்கை மேல் அவருக்குக் கடைசிவரை தீராத ஆசை. அப்படிப் பார்த்துப் பழகியவரிடமிருந்துதான் 1951-ல் டைம்ஸ் ஆஃப் இந்தியா பத்திரிகையில் தொடங்கிய 'யூ செட் இட்' என்கிற தினசரிக் கார்ட்டூன் கட்டம் வந்தது. அதில் வேட்டியும் கட்டம் போட்ட கோட்டுமாக நிற்கிற சாமானியர் வாயே திறக்க மாட்டார், பார்த்துக்கொண்டு மட்டும்தான் இருப்பார். என்னைக் கேட்டால் அது லக்ஷ்மணே நிற்கிற மாதிரிதான். கோவாவின் மரியோ மிராண்டா இளம் வயதில் தினமும் டைரியைப் படமாகவே எழுதியவர்.

நம் ஊரில் மதனின் முன்ஜாக்கிரதை முத்தண்ணாவை எடுத்துக்கொள்ளுங்கள். பூட்டிய பூட்டை நாலு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு, தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து ஐந்தாவது தரமும் இழுக்கிற ஒரு பெரியப்பா யார் வீட்டில்தான் இல்லை? ஆனால் என் மனசுக்கு நெருக்கமானவர் கோபுலுதான். வசனமே இல்லாமல் அவர் போட்ட ஜோக்குகளில், ஆள் உட்கார்ந்திருக்கிற விதத்திலேயே அந்த வீட்டின் கதை தெரிந்துவிடும்.

வாசகர், விழுப்புரம்: பார்த்ததை மறக்காமல் இருக்க என்ன செய்வீர்கள்?

உடனே எழுதிவிடுவேன். பஸ் டிக்கெட்டின் பின்பக்கம்கூடப் போதும். முகத்தை அப்புறமும் வரையலாம், ஆனால் பேசிய வார்த்தை பத்து நிமிடத்தில் நம் பாஷைக்கு மாறிவிடும். அந்தப் பாட்டி "ஆட்டுக்கல்லோட போச்சு" என்றார், வீட்டுக்கு வந்து எழுதியிருந்தால் "ஆட்டுக்கல்லில் தேய்ந்துவிட்டது" என்று எழுதியிருப்பேன். அதில் பாட்டி இல்லை.

வாசகி, தஞ்சாவூர்: நிஜ மனிதர்களை வைத்து வரைந்தால் அவர்கள் மனம் புண்படாதா?

படும். அதனால் முகத்தை மாற்றிவிடுவேன், ஊரையும் மாற்றிவிடுவேன். வரைந்து முடித்ததும் இந்தச் சிரிப்பு யார் தலையில் விழுகிறது என்று ஒருமுறை பார்ப்பேன். ரேஷன் கடைப் படத்தில் அது மிஷின் மேல் விழுந்தது, அதனால் அனுப்பினேன். பாட்டி மேல் விழுந்திருந்தால் கிழித்துப் போட்டிருப்பேன், எவ்வளவு நல்ல ஜோக்காக இருந்தாலும் சரி.

வாசகர், சேலம்: கடைசியாக உங்கள் கண்ணில் பட்டது என்ன?

இன்று காலை டீக்கடையில். பணம் வந்தால் சத்தமாகச் சொல்கிற பெட்டி இருக்கிறதே, அதைக் கல்லாவில் வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் கடைக்காரரின் அம்மா, எண்பது வயது இருக்கும். "இருபது ரூபாய் பெறப்பட்டது" என்று பெட்டி சொல்லும்போதெல்லாம் அவர் பெட்டியைப் பார்த்து, "சரிப்பா" என்கிறார். நான் நின்ற அரை மணி நேரமும் ஒருதரம்கூட விடவில்லை. டிக்கெட்டில் எழுதி வைத்திருக்கிறேன், படம் இன்னும் பிடிபடவில்லை.